வலித்தால் போவதா, ஆறு மாதத்துக்கு ஒரு முறையா, ஆளுக்கேற்ற இடைவெளியா? பல் பரிசோதனை பற்றி ஓர் ஒப்பீடு

பல் மருத்துவரிடம் எப்போது போவது என்ற கேள்விக்கு நம் வீடுகளில் மூன்று விடைகள் புழங்குகின்றன. வலித்தால் போவது முதலாவது. பெரும்பாலான குடும்பங்களின் வழக்கம் இதுதான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் போவது இரண்டாவது. கிளினிக் சுவரிலும் பற்பசை விளம்பரத்திலும் காண்பது இது. அவரவர் வாயின் நிலையைப் பார்த்து மருத்துவரே அடுத்த தேதியைக் குறித்துக்கொடுப்பது மூன்றாவது. இதைப் பற்றி இங்கே அதிகம் பேச்சில்லை. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை: மூன்றாவது வழிதான் சரி. ஆனால் ஒரு முறையாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் அந்த வழிக்குள் நுழைய முடியாது. எந்த நாற்காலி என்பதும் பாதிக் கேள்வி.

வலித்தால் பார்த்துக்கொள்ளலாம்

இதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் கூலி போகும். ஊசி பயம் இருக்கும். அதற்கும் மேலாக, ‘சும்மா இருக்கும் பல்லைக் கொண்டுபோய்க் காட்டினால் அதில் நாலு வேலை கண்டுபிடித்துவிடுவார்கள்’ என்ற சந்தேகம். இந்தச் சந்தேகத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

சிக்கல், வலியை நம்புவதில் இருக்கிறது. பல்லின் மேலுறையான எனாமலில் நரம்பு கிடையாது. வாயிலுள்ள பாக்டீரியாக்கள் நாம் தின்னும் சர்க்கரையிலிருந்து அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலிலுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைக்கிறது. முதலில் ஓட்டை விழுவதில்லை. பளபளப்பு இழந்த ஒரு வெள்ளைத் திட்டுதான் தெரியும், அதுவும் பல்லைக் காயவைத்துப் பார்த்தால். இந்தக் கட்டத்தில் உமிழ்நீரும் ஃப்ளோரைடும் சேர்ந்து இழந்த தாதுவைத் திரும்பப் படியவைக்க முடியும். டிரில் தேவையில்லை. இதைத் தவறவிட்டால் சொத்தை உள்ளேயுள்ள டென்டின் அடுக்குக்கு இறங்குகிறது. குளிர்ந்த தண்ணீரோ இனிப்போ பட்டால் சுளீர் என்கிறது. வேறு பக்கம் மென்றுகொண்டு நாளைக் கடத்திவிடுகிறோம். பல்லின் நடுவிலுள்ள கூழுக்குக் கிருமி போன பிறகுதான் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி வருகிறது.

அதற்கு அடுத்து நடப்பதுதான் பலரை ஏமாற்றுகிறது. சில நாட்கள் வலித்துவிட்டுத் தானாகவே நின்றுவிடும். கிராம்பு கேட்டது என்று ஒருவர், மருந்துக்கடை மாத்திரை கேட்டது என்று இன்னொருவர். கிராம்பிலுள்ள யூஜெனால் சற்று நேரம் மரத்துப்போகச் செய்யும், அவ்வளவுதான். பெரும்பாலும் நடந்திருப்பது, பல்லின் நரம்பு செத்துப்போனது. கிருமி வேர் நுனிக்கு இறங்கிச் சீழ் கட்டத் தொடங்கியிருக்கும். சில மாதம் கழித்துக் கன்னம் வீங்கும்போது, நின்றுபோன அந்த வலியை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் இந்தச் சொத்தையைக் குணப்படுத்தாது. உள்ளே இருப்பதை எடுத்தாக வேண்டும்.

செலவு இதற்கேற்ப ஏறுகிறது. வெள்ளைத் திட்டாக இருக்கும்போது ஃப்ளோரைடு வார்னிஷ் பூசினால் போதும். டென்டின்வரை போயிருந்தால் ஒரே உட்காரலில் ஓர் அடைப்பு. நகரத்துச் சாதாரணத் தனியார் கிளினிக்கில் இது ஆயிரம் ரூபாயை ஒட்டி முடியும். கூழைத் தொட்டுவிட்டால் வேர் சிகிச்சை, அதன் மேல் கேப், இரண்டு மூன்று முறை விடுப்பு. அடைப்பின் செலவைப்போல் பல மடங்கு. அதற்கும் வழியில்லை என்றால் பிடுங்குவது. பிடுங்கியதோடு முடிவதில்லை, பக்கத்துப் பல் காலியிடத்தை நோக்கிச் சாயும், எதிர் வரிசைப் பல் நீண்டு இறங்கும். மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று நினைப்பவர்கள் பாலிசியை எடுத்துப் படிப்பது நல்லது. விபத்தில் உடைந்த பல்லைத் தவிர வழக்கமான பல் சிகிச்சையைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை.

ஈறு இன்னும் மோசம். சொத்தையாவது கடைசியில் கத்தும். ஈறு நோய் பல் ஆடும்வரைகூட வலிக்காமல் இருந்துவிடும். அது தரும் ஒரே முன்னறிவிப்பு, துலக்கும்போது வரும் ரத்தம். பிரஷ் குத்திவிட்டது என்று நினைத்து அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்குகிறோம். அழுக்குப் படிவு அங்கேயே இருந்து இறுகிக் காரையாகிறது, ஈறு இன்னும் வீங்குகிறது, ரத்தம் இன்னும் கூடுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது இரண்டு பக்கமும் வெட்டும்: சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் ஈறு விரைவாகக் கெடும், ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். வீட்டுக்கு ஒருவர் சர்க்கரை மாத்திரை போடும் மாநிலத்தில், வருடம் தவறாமல் கண்ணுக்கும் காலுக்கும் பரிசோதனை செய்துகொள்பவர்கள்கூட ஈற்றைக் காட்டுவதில்லை என்பது எனக்கு விளங்காத விஷயம்.

ஆறு மாதக் கணக்கு எவ்வளவு கெட்டியானது?

இது ஆராய்ச்சியில் பிறந்த கணக்கு என்றே பலரும் நம்புகிறார்கள். 1977இலேயே ஆப்ரே ஷைஹாம் என்ற பிரிட்டிஷ் பல் பொதுச் சுகாதார அறிஞர், ஆறு மாதப் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படை இருக்கிறதா என்று ‘லான்செட்’ இதழில் கேட்டார். கெட்டியான பதில் அப்போது யாரிடமும் இல்லை.

பிறகு பிரிட்டனில் ‘இன்டர்வல்’ என்ற பெரிய சோதனை நடந்தது. பல் மருத்துவரிடம் வழக்கமாகப் போகும் 2,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பிரித்து, சிலரை ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், சிலரை அவரவர் அபாயத்தைப் பொறுத்தும், தகுதியானவர்களில் சிலரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும் வரச்சொல்லி, நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். ஈறில் ரத்தம் வருவதில் இந்தக் குழுக்களுக்கு இடையே சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை.

இதைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் போகவே வேண்டாம்’ என்று முதல் வழிக்குத் திரும்பிவிடக் கூடாது. சோதனையில் இருந்தவர்கள் அதற்கு முன்பும் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தவர்கள். பத்து வருடமாகப் பல் மருத்துவரையே பார்க்காத ஒருவருக்கு அந்த முடிவைப் பொருத்திப் பார்ப்பது தவறு. ஏற்கெனவே வாயை ஒழுங்காக வைத்திருப்பவருக்கு ஆறு மாதம் என்பது கட்டாயமில்லை. அந்தச் சோதனையிலிருந்து அவ்வளவுதான் எடுத்துக்கொள்ள முடியும்.

‘கிளீனிங்’ என்று நாம் சொல்லும் ஸ்கேலிங்குக்கும் இதே கதை. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, தீவிர ஈறு நோய் இல்லாமல் வழக்கமாகப் பரிசோதனைக்கு வருபவர்களுக்கு ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை ஸ்கேலிங் செய்வதால், செய்யாமல் இருப்பதைவிட ஈறு அழற்சி குறைவதாகத் தெரியவில்லை என்றது. காரை மட்டும் சற்றுக் குறைந்திருந்தது. ஆகவே பரிசோதனையையும் சுத்தம் செய்வதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பரிசோதனை தேவை. ஸ்கேலிங், காரை இருந்தால் தேவை. நாற்காலியில் உட்கார்ந்ததுமே வாய்க்குள் பார்க்காமல் கிளீனிங் கட்டணம் சொல்லும் இடத்தில் நான் எழுந்துவிடுவேன்.

ஈறுக்கடியில் காரை தடித்துப்போனவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. அவர்களுக்கு ஸ்கேலிங் சிகிச்சையேதான். ‘கிளீன் செய்தால் பல் ஆடத் தொடங்கிவிடும், எனாமல் தேய்ந்துவிடும்’ என்ற பயம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியது. கருவியின் நுனி அதிர்ந்து காரையை உடைக்கிறது, தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. முறையாகச் செய்தால் எனாமலுக்கு ஒன்றும் ஆகாது. ஆடும் பல் முன்பே எலும்பை இழந்திருக்கும். இவ்வளவு நாள் அதைப் பிடித்து நிறுத்தியிருந்தது காரைதான். எடுத்ததும் உண்மை நிலை தெரிகிறது. சில நாள் கூச்சம் இருக்கும், பல்லிடுக்கு அகன்றதுபோல் தோன்றும். வீங்கிய ஈறு சுருங்குவதால் வரும் தோற்றம் அது.

ஆளுக்கேற்ற இடைவெளி

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2004இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த மூன்றாவது வழியைத்தான் சொல்கிறது: பெரியவர்களுக்கு மூன்று மாதம் முதல் இரண்டு வருடம்வரை, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று மாதம் முதல் ஒரு வருடம்வரை. இந்த எல்லைக்குள் எங்கே நிற்கிறோம் என்பதை மருத்துவரும் நாமும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

நம் ஊர் நிலைமைக்கு இதை இப்படிப் பொருத்திப் பார்க்கலாம். சில வருடங்களாகப் புதிய சொத்தை இல்லை, ஈறில் ரத்தம் இல்லை, புகையிலை இல்லை என்றால் வருடத்துக்கு ஒரு முறை தாராளம். இன்னும் தள்ளிப்போட்டாலும் பெரிய நட்டமில்லை. நீரிழிவு, புகைப்பழக்கம், ஈறு நோய்க்கு முன்பே சிகிச்சை பெற்றது, பல்லுக்குக் கம்பி கட்டியிருப்பது, வாய் உலரவைக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிடுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மூன்று முதல் ஆறு மாதம். கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும். ‘பிள்ளை பிறக்கட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவதுதான் வீடுகளில் வழக்கம், ஆனால் பரிசோதனையும் சுத்தம் செய்வதும் கர்ப்ப காலத்தில் பாதுகாப்பானவை. நான்கிலிருந்து ஆறாம் மாதம்வரை உட்காருவதற்கும் வசதி.

பாக்கு போடுபவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார்போல் இறுகி, வாய் திறப்பது சுருங்கிக்கொண்டே வரும் நோய் பாக்கினால் வருவது. மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் வைக்க முடியவில்லை என்றால், இடைவெளி பற்றிய யோசனையே வேண்டாம். அந்த வாரமே காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2013இல் குட்காவும் பான்மசாலாவும் தடை செய்யப்பட்டன. பழக்கம் தடையோடு போய்விடவில்லை என்பது பெட்டிக்கடை வாசலில் நின்றாலே தெரியும்.

குழந்தைகளுக்கு முதல் பரிசோதனை முதல் பிறந்தநாளுக்குள் என்பது குழந்தைப் பல் மருத்துவர்களின் பரிந்துரை. கேட்பவர்கள் சிரிக்கிறார்கள்: இருப்பதே நாலு பல், அதுவும் விழுந்துவிடப் போகிற பல்! ஆனால் சர்க்கரை கலந்த பால் பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கும் குழந்தையின் மேல் முன்பற்கள் இரண்டு வயதுக்குள் கரைந்துபோவதை எத்தனையோ வீடுகளில் பார்க்கிறோம். அந்த முதல் சந்திப்பு பல்லுக்கு வைத்தியம் பார்க்க அல்ல, பாட்டில் பழக்கத்தைப் பற்றித் தாயிடமும் பாட்டியிடமும் பேசுவதற்கு.

அடுத்த முக்கியமான வயது ஆறு. பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. எதுவும் விழாததால் பெற்றோர் அதைப் பால்பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். ஆயுள் முழுக்க மெல்ல வேண்டிய பல் பத்து வயதுக்குள் சொத்தையாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதன் மேற்பரப்பில் பிரஷ்ஷின் இழை நுழையாத ஆழமான பள்ளங்கள் இருக்கும். அவற்றைப் பிசினால் மூடும் ‘சீலன்ட்’ சிகிச்சைக்கு ஊசி, டிரில் எதுவும் வேண்டாம், சில நிமிட வேலை. தடுப்பு சிகிச்சைகளில் கொடுத்த காசுக்கு இவ்வளவு பயன் தருவது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கிளினிக்குகள் தாமாக முன்வந்து இதைச் சொல்வது அரிது. நாம்தான் கேட்க வேண்டும்.

பால்பல்லில் சொத்தை வந்தேவிட்டது, குழந்தை டிரில்லுக்கு உட்கார மறுக்கிறது என்றால் சில்வர் டயமைன் ஃப்ளோரைடு என்ற திரவத்தைத் தொட்டுவைத்துச் சொத்தை பரவாமல் நிறுத்தும் வழி உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சொத்தையான இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பது இதன் குறை. கடைவாயில் கறுப்பு யாருக்கும் தெரியப் போவதில்லை. முன்பல் என்றால் வீட்டில் கலந்து பேசி முடிவெடுக்க வேண்டும்.

எந்த நாற்காலி?

சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, 1953இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் பிரிவாகத் தொடங்கியது. சிதம்பரத்திலும், 2023 முதல் புதுக்கோட்டையிலும் அரசுப் பல் கல்லூரிகள் இருக்கின்றன. இவை தவிர, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல தாலுகா மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. இங்கே நம்மிடம் வாங்குவது பணத்தை அல்ல, நேரத்தை. காலையில் சீட்டு வாங்க வரிசை, பரிசோதனைக்கு வரிசை, எக்ஸ்-ரே எடுக்க இன்னொரு வரிசை. ஆனால் இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்து யாருக்கும் லாபம் இல்லாத இடம் இது. ஆதலால், வாயில் எத்தனை சொத்தை இருக்கிறது என்று கலப்படமில்லாமல் தெரிந்துகொள்ள நல்ல இடம்.

தனியார் பல் கல்லூரி மருத்துவமனைகள் பலரும் நினைவில் வைக்காத நடுவழி. மாணவர்கள் பயிற்சிக்கு நோயாளிகள் தேவை என்பதால் கட்டணம் மிகக் குறைவு. சில இடங்களில் ஸ்கேலிங் இலவசம். அரை மணி நேர வேலை இரண்டு மணி நேரம் இழுக்கும். ஒவ்வொரு படியையும் பேராசிரியர் வந்து பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போவார்கள். ‘மாணவர் கையில் வாயைக் கொடுப்பதா’ என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: பரிசோதனைக்கும் சுத்தம் செய்வதற்கும் சீலன்ட்டுக்கும் இது போதுமானதற்கு மேல். சிக்கலான வேர் சிகிச்சை என்றால் முதுகலைப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

தெருமுனைக் கிளினிக்கின் பலம் தொடர்ச்சி. ஒரே மருத்துவர் நான்கு வருடமாக ஒரே வாயைப் பார்க்கும்போது, போன முறை இருந்த கறை பெரிதாகியிருக்கிறதா இல்லையா என்பது அவருக்குத் தெரியும். ஆளுக்கேற்ற இடைவெளி என்ற யோசனை உயிர்பெறுவது இங்கேதான். கிளைகள் பல வைத்திருக்கும் நிறுவனக் கிளினிக்குகளில் குளிர்சாதனமும் வருட பேக்கேஜும் கிடைக்கும்; அடுத்த முறை போகும்போது அதே மருத்துவர் இருப்பாரா என்பது நிச்சயமில்லை. பள்ளியிலும் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் நடக்கும் இலவச முகாம் ஒரு முதல் பார்வைக்குச் சரி. நாற்காலி, விளக்கு, எக்ஸ்-ரே எதுவும் இல்லாமல் டார்ச் அடித்துச் சொல்லும் சொத்தைக் கணக்கை வைத்து அங்கேயே முன்பணம் கட்டக் கூடாது.

இனி, முன்பு சொன்ன அந்தச் சந்தேகம். கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் தெரியும் கறுப்புக் கோடு எல்லாம் சொத்தை ஆகாது. பல நேரம் அது காபி, வெற்றிலைக் கறையாகவோ பல வருடம் முன்பே நின்றுபோன சொத்தையாகவோ இருக்கும். ‘ஆறு அடைப்பு வேண்டும்’ என்றால் எக்ஸ்-ரேயையோ புகைப்படத்தையோ காட்டச் சொல்லுங்கள். ‘இதை ஆறு மாதம் விட்டுவைத்தால் என்ன ஆகும்?’ என்று ஒவ்வொரு பல்லுக்கும் கேளுங்கள். நல்ல மருத்துவர் சிலவற்றை விட்டுவைக்கலாம், சிலவற்றை விட முடியாது என்று பிரித்துச் சொல்வார். எல்லாமே அவசரம், இன்றைக்கே செய்தால் தள்ளுபடி என்றால் இன்னொருவரிடம் காட்டலாம். கருவிகள் உறையிலிருந்து உங்கள் முன் பிரிக்கப்படுகின்றனவா என்பதையும், தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலின் பதிவு எண் மாட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்வது மரியாதைக் குறைவு அல்ல. இதய வால்வு கோளாறு இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாத்திரையை நாமாக நிறுத்தவும் கூடாது.

வீட்டில் துலக்குவது

எந்த இடைவெளியில் போனாலும் மீதி நாட்கள் நம் கையில்தான். ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். குச்சியை மென்று பதமாகத் துலக்கினால் அழுக்கு போகும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் ஃப்ளோரைடு இல்லை. சொத்தையைத் தடுப்பதில் நிரூபணமானது ஃப்ளோரைடுதான். கரியும் செங்கல் தூளும் சொரசொரப்பான பல்பொடியும் ஈறோரத்தில் பல்லைத் தேய்த்துக் கூச்சத்தை வரவழைக்கும். மூலிகைப் பற்பசை வாங்குபவர்கள் பெட்டியின் பின்புறம் ஃப்ளோரைடு என்ற சொல் இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்கட்டும், பலவற்றில் இருக்காது. மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு பற்பசை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு மிகுந்து பற்கள் பழுப்பேறியதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. இன்னும் அந்தக் கிணற்று நீரையே குடிக்கும் வீடுகளில், குழந்தைக்கு எந்தப் பற்பசை என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது.

காலையில் துலக்குவதை நாம் யாரும் விடுவதில்லை. விடுவது இரவில். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால் அமிலத்தைக் கழுவ ஆளில்லை. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இரவுத் துலக்கலை வைத்துக்கொள்ளுங்கள். துலக்கியபின் துப்புங்கள், வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃப்ளோரைடும் சேர்ந்து போய்விடும்.

பல்லே இல்லாத பெரியவர்கள் இந்தக் கணக்கில் வருவார்களா என்று கேட்பவர்கள் உண்டு. வருவார்கள். பல்செட் கட்டியவர்களுக்கும் வருடத்துக்கு ஒரு முறை ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் எல்லாவற்றையும் ஒருவர் பார்க்க வேண்டும். எலும்பு தேய்ந்து செட் தளர்ந்துபோய், அது உராயும் இடத்தில் புண் வருவது வழக்கம். இரவில் செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். வாய்ப்புண் எதுவானாலும் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால், வலிக்கவில்லை என்று சொன்னாலும் கேட்காமல் அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்.